பெரிய ஸ்பெசிஃபிகேஷனை ஏஐ-கிட்ட அப்படியே கொட்டலாமா? திண்டுக்கல் மில் பில்லை வெச்சு ஒரு விளக்கம்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதணும்னு வெச்சுக்குவோம். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் விதிகள், மில்லோட தேவைகள் எல்லாம் சேர்ந்து 100 பக்கம். மொத்தத்தையும் ஏஐ-யிடம் ஒட்டிவிட்டு 'எழுது' என்றால் எழுதித் தந்துவிடும். சரியா எழுதுமா?

சிக்கல் எங்கே?

இ-இன்வாய்ஸ் வரம்பையே பாருங்க. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல். 2021-ல் 100 கோடி, பிறகு 50. 2022-ல் 20, அப்புறம் 10. 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி. பழைய சுற்றறிக்கையும் புதியதும் ஒரே ஃபைலில் கிடந்தால், ஏஐ ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும்; எதை எடுத்தது என்று பெரும்பாலும் சொல்லாது.

இன்னொரு நுணுக்கம்: போன வருஷ விற்றுமுதல் மட்டும் கணக்கில்லை. 2017-18 முதல் எந்த நிதியாண்டிலாவது 5 கோடியைத் தாண்டியிருந்தாலே கட்டாயம். இந்த ஒரு வரி தவறினால், ஐஆர்என் எண் இல்லாத பில் போகும். அது இன்வாய்ஸாகவே கருதப்படாது. நூலை வாங்கியவருக்கும் வரி வரவு எடுப்பதில் சிக்கல்.

ஏன் தவறவிடுகிறது?

ஏஐ ஒரே நேரத்தில் பார்க்கும் அளவுக்கு எல்லை உண்டு. அதற்குள் அடங்கினாலும் நடுவில் இருப்பது நழுவலாம். நீளமான உரையில் தொடக்கத்தையும் முடிவையும்விட நடுப்பகுதியை மாடல்கள் மோசமாகப் பயன்படுத்தியதை 2023-ல் வெளியான 'லாஸ்ட் இன் தி மிடில்' ஆய்வு காட்டியது.

என்ன செய்யலாம்?

ஸ்பெசிஃபிகேஷனை உடைங்க. வரம்பு, வரி விகிதம், பில் எண் (16 எழுத்துக்கு மேல் கூடாது), ரத்து என்று தனித்தனி ஃபைல், ஒவ்வொரு விதிக்கும் ஒரு எண். காலாவதியான சுற்றறிக்கையை வெளியே எடுத்துடுங்க. எது எங்கே இருக்கு என்று சொல்லும் ஒரு பக்க அட்டவணை மட்டும் எப்போதும் ஏஐ முன்னால் இருக்கட்டும். 'ஏஜென்ட்ஸ்.எம்டி' ஃபைல் இதுக்குத்தான். அதையே 40 பக்கம் ஆக்குறவங்களும் இருக்காங்க, அப்புறம் பிரயோஜனம் இல்லை.

கோடுக்கு முன் திட்டத்தைக் கேளுங்க. 2025-ல் வந்த கிட்ஹப்பின் 'ஸ்பெக் கிட்', அமேசானின் 'கீரோ' இரண்டும் இந்த வரிசையில்தான் போகின்றன: தேவை, திட்டம், வேலைப் பட்டியல், பிறகு கோடு.

சோதனையை மட்டும் விதி தெரிஞ்சவங்க எழுதணும். மில் கணக்காளரே சொல்லலாம்: '2018-19-ல் 6 கோடி, அதன்பின் எல்லா வருஷமும் 3 கோடி. இ-இன்வாய்ஸ் வேணுமா?' விடை 'வேணும்'. சாஃப்ட்வேர் 'வேண்டாம்' என்றால், வரம்பு ஃபைலை மட்டும் கொடுத்து அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வைங்க.