கேள்வி கேட்ட ஒற்றைக் குரல்
(தென்னாப்பிரிக்க நாடாளுமன்ற வரலாற்றிலிருந்து ஒரு படிப்பினை)



ஆண்டுதோறும் நமது பொதுக்குழு கூடும்போது வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறது. வாசித்து முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, இந்தத் தொகை எந்த வகையில் செலவிடப்பட்டது என்று வினவுகிறார். பொறுப்பாளர் விளக்கமளிக்கிறார். வினாவும் விடையும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகின்றன. மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வழக்கம் நாடுகளின் ஆட்சி மன்றங்களில் எத்துணை பெரிய ஆற்றலாக விளங்கியிருக்கிறது என்பதை வரலாற்றைப் புரட்டும்போது நாம் உணர்கிறோம்.

நமது நாட்டு மக்களவையில் கேள்வி நேரம் என்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். 1957-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்னும் தொழிலதிபரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டது குறித்து பெரோஸ் காந்தி அவையில் கேள்வி எழுப்பினார். அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். பிரதமர் நேருவின் மருமகன். ஆயினும் அக்கேள்வியின் விளைவாக விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மக்களாட்சி நெறி நிலவும் நாட்டில் கேள்விக்கு இத்தகைய பலன் கிட்டுவது இயல்பே.

ஆனால் மக்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லாத நாட்டில், அரசுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருக்கும் அவையில், ஒரேயொரு உறுப்பினர் கேள்வி கேட்டு என்ன பயன்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது ஹெலன் சுஸ்மன் என்ற பெண்மணியின் பொதுவாழ்வு.

தனித்து நின்ற பதின்மூன்று ஆண்டுகள்

லித்துவேனியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1917-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹெலன் சுஸ்மன். ஜொகன்னஸ்பர்க் நகரின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பித்தார். கறுப்பினத் தொழிலாளர் பிரச்சினையை ஆராய்ந்த அரசு ஆணையம் ஒன்றின் முன் வைப்பதற்காகச் சான்றுகளைத் திரட்டும் பணியில் ஈடுபட்டபோதுதான், இனச் சட்டங்கள் மனித வாழ்வை எவ்வாறு சிதைக்கின்றன என்பதை விவரமாக அறிந்தார். எண்களையும் ஆவணங்களையும் நம்பும் பழக்கம் அவருக்கு அங்கிருந்தே வந்தது எனலாம்.

1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியைச் சட்டமாக்கிக்கொண்டிருந்தது. 1953-இல் ஐக்கியக் கட்சியின் சார்பில் சுஸ்மன் நாடாளுமன்றத்தில் நுழைந்தார். எதிர்க்கட்சியாக இருந்தும் அக்கட்சி நிறவெறியை உறுதியுடன் எதிர்க்கத் தயங்கியது. எனவே 1959-இல் அவரும் அவரையொத்த கருத்துடைய உறுப்பினர்களும் விலகி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினர். 1961 தேர்தலில் அக்கட்சியினர் அனைவரும் தோற்றனர். ஹௌட்டன் தொகுதியில் சுஸ்மன் மட்டும் 564 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஏறத்தாழ 160 பேர் கொண்ட அவையில் அக்கட்சியின் ஒரே உறுப்பினராக 1974 வரை, பதின்மூன்று ஆண்டுகள் அவர் நீடித்தார்.

1963-இல், எவரையும் வழக்கோ விசாரணையோ இன்றி 90 நாட்கள் காவலில் வைக்க வகை செய்யும் சட்டம் வந்தது. 90 நாட்கள் முடிந்ததும் மீண்டும் 90 நாட்கள் வைக்கலாம். அம்மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. 1967-இல் பயங்கரவாதச் சட்டம் வந்தது. அதன் ஆறாம் பிரிவு கால வரம்பே இன்றிக் காவலில் வைக்க அனுமதித்தது. காவலில் இருப்பவரைப் பற்றி நீதிமன்றமும் கேட்க இயலாது. தகவல் பெறும் உரிமையும் எவருக்கும் இல்லை. அதையும் எதிர்த்து நின்றவர் அவர் ஒருவரே.

கேள்வி என்னும் கருவி

வாக்கெடுப்பில் ஒரு வாக்கால் எதையும் தடுக்க முடியாது. இதை நன்கறிந்திருந்த சுஸ்மன், அவை விதிகள் தமக்களித்த மற்றோர் உரிமையை இறுகப் பற்றிக்கொண்டார். உறுப்பினர் எவரும் முன்னறிவிப்புக் கொடுத்து அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். அமைச்சர் அவையில் பதில் கூற வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவர் இடைவிடாமல் கேள்விகளைத் தொடுத்தார்.

அக்கேள்விகளின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அவற்றில் வசை இல்லை. குற்றச்சாட்டும் பெரும்பாலும் இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாமைக்காகச் சென்ற ஆண்டு எத்தனை கறுப்பினத்தவர் மீது வழக்குத் தொடரப்பட்டது? எத்தனை பேருக்குக் கசையடி வழங்கப்பட்டது? தூக்கிலிடப்பட்டவர்கள் எந்தெந்த இனத்தைச் சேர்ந்தவர்கள்? விசாரணையின்றிக் காவலில் இருப்போர் எத்தனை பேர்? வெள்ளைப் பிள்ளைக்கும் கறுப்புப் பிள்ளைக்கும் அரசு தலைக்கு எவ்வளவு கல்விச் செலவு செய்கிறது? இவ்வாறு எண்ணிக்கையை மட்டுமே அவர் கேட்டார்.

அனுமதிச் சீட்டுச் சட்டங்களின்கீழ் 1960-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வழக்குகளைச் சந்தித்தனர். குழுப் பகுதிச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் பொதுவானது என்று அரசு கூறிக்கொண்டது. இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் கணக்கோ வேறொன்றைச் சொல்லியது. வெள்ளையர் குடும்பங்கள் மிகச் சொற்பம். கலப்பினத்தவரும் இந்தியரும் பல்லாயிரம். டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில் தலைமுறைகளாகத் தோட்டமும் கோவிலும் பள்ளிவாசலும் அமைத்து வாழ்ந்த இந்திய மக்களும், அவர்களுள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்களும் இச்சட்டத்தால்தான் வேரோடு பிடுங்கப்பட்டு சாட்ஸ்வர்த்தில் குடியேற்றப்பட்டனர்.

இத்தகைய செய்திகளைப் பத்திரிகைகள் தாமாக எழுதினால் ஆபத்து. சிறைச்சாலைகளைப் பற்றித் தவறான தகவல் வெளியிடுவது 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறைக் கொடுமைகளை 1965-இல் வெளியிட்ட 'ராண்ட் டெய்லி மெயில்' நாளிதழ் வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. ஆனால் நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொன்ன பதிலை வெளியிட்டால் யாரும் குறை கூற முடியாது. அது எதிரியின் குற்றச்சாட்டன்று. அரசின் சொந்த வாக்குமூலம். இன உறவுகள் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட தொகுப்புகளுக்கும், உலக மன்றங்களில் நிறவெறியை எதிர்த்து வாதிட்டோருக்கும் இப்பதில்களே ஆதாரமாயின.

இக்கேள்விகள் வெளிநாடுகளில் தென்னாப்பிரிக்காவுக்குத் தலைகுனிவை ஏற்படுத்துகின்றன என்று அமைச்சர் ஒருவர் ஒருமுறை கடிந்துகொண்டார். தலைகுனிவு தருவது தமது கேள்விகள் அல்ல, அமைச்சர்களின் பதில்களே என்று சுஸ்மன் திருப்பிச் சொன்னார்.

நேரில் சென்று கண்டறிதல்

அவர் ஆவணங்களோடு நின்றுவிடவில்லை. சிறைகளுக்கும், மக்கள் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட குடியேற்ற முகாம்களுக்கும் நேரில் சென்றார். 1967-இல் ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவைச் சந்தித்தார். காவலர் ஒருவர் கையில் ஹிட்லரின் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டு கைதிகளைக் கொடுமைப்படுத்துவதாக மண்டேலா முறையிட்டார். சுஸ்மன் அதை அமைச்சரிடம் கொண்டுசென்றார். பின்னர் அக்காவலர் தீவிலிருந்து மாற்றப்பட்டார். நாடாளுமன்றத்தில் இது பேசப்பட்டுவிடும் என்ற அச்சமே போதுமானதாக இருந்தது.

இதற்காக அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. அவையில் ஏளனமும் யூத வெறுப்புச் சொற்களும் அவர்மீது வீசப்பட்டன. 1966 செப்டம்பரில் பிரதமர் வெர்வூர்ட் அவையிலேயே குத்திக் கொல்லப்பட்டபோது, அதற்கு அவரைப் போன்றோரே காரணம் என்று அமைச்சர் பி.டபிள்யூ. போத்தா விரல் நீட்டிக் கத்தினார். அவைத் தலைவரிடம் சுஸ்மன் முறையிட்ட பின்னர் அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இமாமைப் பற்றிய கேள்வி

இவ்வரலாற்றில் நமது உள்ளத்தை நேரடியாகத் தொடும் நிகழ்வு ஒன்று உண்டு. கேப்டவுன் நகரின் கிளேர்மாண்ட் பகுதியில், ஸ்டெக்மன் சாலைப் பள்ளிவாசலின் இமாமாக 1955 முதல் பணியாற்றியவர் அப்துல்லாஹ் ஹாரூன். 'முஸ்லிம் நியூஸ்' இதழின் ஆசிரியரும் அவரே. கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்று அவர்களோடு உறவாடினார். கைதிகளின் குடும்பங்களுக்கு உதவி திரட்டினார். 1969 மே 28 அன்று, மீலாது நாளில், பயங்கரவாதச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்கீழ் அவர் பிடிக்கப்பட்டார்.

அவர் காவலில் இருந்தபோதே எதிர்க்கட்சி உறுப்பினர் கேத்தரின் டெய்லர் அவரைப் பற்றி அவையில் கேள்வி எழுப்பினார். விவரம் வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததன்று என்று காவல்துறை அமைச்சர் பதிலளித்தார். டெய்லர் ஐக்கியக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தகவல் பெறும் வழியை அடைத்த அந்தச் சட்டம் இரண்டாண்டுகளுக்கு முன் அவைக்கு வந்தபோது எதிர்த்து நின்ற குரல்களில் அக்கட்சியின் குரல் இல்லை. கதவு மூடப்படும்போது பேசாதிருந்த கட்சியின் உறுப்பினருக்கு, பின்னர் அக்கதவைத் தட்டியபோது கிடைத்தது இந்தப் பதிலே.

123 நாட்கள் காவலில் இருந்து, 1969 செப்டம்பர் 27 அன்று இமாம் இறந்தார். படிக்கட்டில் தவறி விழுந்தார் என்றது காவல்துறை. உடலில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்களும் விலா எலும்பு முறிவும் காணப்பட்டன. ஜனாஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். 1970-இல் நடந்த மரண விசாரணை எவரையும் பொறுப்பாக்கவில்லை. 1971 அக்டோபரில் ஜொகன்னஸ்பர்க் காவல் தலைமையகத்தின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து இறந்த ஆசிரியர் அஹ்மத் திமோலின் மரணமும் தற்கொலை என்றே எழுதி முடிக்கப்பட்டது.

ஆனால் எழுதப்பட்டவை அத்துடன் முடிந்துவிடவில்லை. திமோல் கொல்லப்பட்டார் என்று 2017-இல் நீதிமன்றம் அறிவித்தது. 2023 அக்டோபரில் மேற்கு கேப் உயர் நீதிமன்றம், இமாம் ஹாரூன் சித்திரவதையின் காரணமாகவே இறந்தார் என்று கூறி, பழைய தீர்ப்பை ரத்துச் செய்தது. அத்தீர்ப்பைக் கேட்க அவருடைய துணைவியார் உயிரோடு இல்லை. 2019 செப்டம்பரில் அவர் மறைந்திருந்தார். சித்திரவதை செய்தோரும் தண்டனைக்கு அப்பால் இறந்து போயிருந்தனர்.

நாடாளுமன்றக் கேள்வி இமாமைக் காப்பாற்றவில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் உண்மையை நிலைநாட்டியவையும் மருத்துவச் சான்றுகளும், அக்காலத்தில் சிறைப்பட்டிருந்தோரின் சாட்சியங்களும், தளராத குடும்பத்தாரின் முயற்சியுமே. அப்படியானால் கேள்வியின் பயன் யாது? இமாம் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரைச் சொல்லி அரசு கேட்கப்பட்டது. அரசு பதில் சொல்ல மறுத்தது. எமக்குத் தெரியாது என்றோ, எம்மிடம் யாரும் கேட்கவில்லை என்றோ அந்த அரசு பின்னாளில் சொல்ல வழியில்லாமல் போயிற்று. பதில் மறுக்கப்பட்ட கேள்வியும் ஒரு சாட்சியாக நின்றது.

நிறைவாக

1974-இல் மேலும் சிலர் வென்று வந்ததால் சுஸ்மனின் தனிமை முடிந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்து 1989-இல் ஓய்வு பெற்றார். அவர்மீது விமர்சனங்களும் உண்டு. வெள்ளையர் மட்டுமே வாக்களித்த அவையில், வசதி படைத்தோர் வாழும் தொகுதியிலிருந்து சென்றவர். நிறவெறிக்கு எதிரான பொருளாதாரத் தடைகளை அவர் ஏற்கவில்லை. நிறவெறியை வீழ்த்தியது கறுப்பின மக்களின் நீண்ட போராட்டமே என்பதிலும் ஐயமில்லை. எனினும் 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் புதிய அரசியல் சட்டத்தில் மண்டேலா கையெழுத்திட்டபோது சுஸ்மனும் அருகில் இருந்தார். 2009 ஜனவரி முதல் நாள் அவர் காலமானார்.

கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதும் மனப்பான்மை அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. சிறிய அமைப்புகளிலும் அது தலைகாட்டுவதுண்டு. கணக்குக் கேட்பவர் குறை காண வந்தவர் என்று எண்ணாமல், நமது பொறுப்பில் பங்கெடுக்க வந்தவர் என்று எண்ணப் பழகுவோம். கேட்பவரும் ஆத்திரத்தை விடுத்து, விவரம் அறிந்து, அளவோடு கேட்கட்டும். கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் பிழையின்றி எழுதப்படட்டும். இன்று அதைப் படிப்பார் இல்லாவிடினும், நமக்குப் பின் வரும் தலைமுறை ஒருநாள் அதைத் திறந்து பார்க்கும்.