பகைக் கிருமி படைவீரனான கதை

கோவளத்துக் கடற்கரையிலே நின்று அலையை மட்டும் பார்ப்பவன், "கடல் கொல்லும்" என்பான். வலையோடு இறங்குபவனோ, "கடல் வாழ வைக்கும்" என்பான். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் கதையும் இத்தகையதே.

என் வகுப்பிலே மீனவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, குடலிலே உள்ள கிருமி புற்றுநோயைப் போக்குமாமே! அதற்கென்று ஒரு பொடி விற்கிறார்கள். மெய்தானா?" என்று கேட்டான். அவன் பாட்டிக்குப் புற்றுநோய். மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிட்டு, அந்தப் பொடியை உண்ணலாமா என்பது வீட்டிலே நடக்கும் வழக்கு! ஆம் என்பதா, இல்லை என்பதா? வரலாற்றைப் புரட்டாமல் விடை கூற இயலாது, தோழர்களே!

கோவளத்திலிருந்து தாம்பரம் நெடுந்தொலைவன்று. அங்கே 1928-இல் காசநோயாளிகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார் டாக்டர் சவுரிமுத்து. 1937-இல் அரசு அதனை ஏற்றது. 'தாம்பரம் சானடோரியம்' என்று இரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது. காசத்துக்கு மருந்து காணப்படாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு — இவையே சிகிச்சை! "முன்வினைப் பயன்" என்று முணுமுணுத்தோர் பலர். வினையன்று, கிருமியே என்று 1882-இலேயே ஜெர்மனியில் மெய்ப்பித்திருந்தார் ராபர்ட் காக்.

அந்தக் கிருமியை அடக்கிப் பார்த்தனர் பிரான்சு நாட்டு அறிஞர் இருவர், கால்மெத்தும் கெரானும். 1908-இல் தொடங்கினர். மாட்டுக் காசநோய்க் கிருமியை, பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கின்மீது வளர்த்தனர். எடுத்து மீண்டும் வளர்த்தனர். ஒருமுறையா, இருமுறையா? 230 முறை! 13 ஆண்டுகள்! நோய் விளைக்கும் ஆற்றலை இழந்தது கிருமி. 1921-இல் பாரிசிலே ஒரு குழந்தைக்கு முதன்முதலாக அது கொடுக்கப்பட்டது. அதுவே பி.சி.ஜி. அதனைத் தயாரிக்க 1948-இல் கிண்டியிலே ஆய்வுக்கூடம் எழுந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. 1955-இல், மக்கள் அனைவருக்கும் இந்த ஊசி கூடாதென்று எழுதினார், பேசினார் இராஜகோபாலாச்சாரியார். பெரியவர் சொன்னாரே என்று ஒரு சாரார் அஞ்சினர். அரசு சொன்னதே என்று மறு சாரார் கை நீட்டினர். இரண்டும் நம்பிக்கைதானே! சோதனை எங்கே?

வந்தது சோதனை. 1968-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்திலே. 2,50,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். சிலருக்குப் பி.சி.ஜி.; சிலருக்கு மருந்தற்ற ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979-இல் முடிவு வெளிவந்தது. வயது வந்தோரின் நுரையீரல் காசத்தை அங்கே அந்த ஊசி தடுக்கவில்லை! ஏமாற்றந்தான். எனினும் மறைக்கவில்லை அறிவியல், உலகறியக் கூறிற்று. சின்னஞ்சிறு குழந்தைகளை மூளைக் காசம் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து காப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது.

இதற்கிடையே, கனடாவில் வேறொரு வாயில் திறந்தது. 1976-இல் மொராலெஸ் என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் 9 பேருக்குப் பி.சி.ஜி. கொடுத்த விளைவை வெளியிட்டார். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார். கட்டி மீண்டும் மீண்டும் முளைப்பது குறைந்தது! கிருமியைக் கண்டு விழித்தெழுந்த உடலின் காவற்படை, புற்றணுக்களையும் தாக்கியது. தசைக்குள் ஊடுருவாத சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் சிகிச்சை இது. தாம்பரத்திலே எந்தக் குலத்துக் கிருமிக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கினரோ, அந்தக் குலத்துக் கிருமியே படைவீரனாயிற்று!

இனிக் குடலுக்கு வருவோம். காவற்படையைப் பிணித்திருக்கும் கடிவாளத்தை அவிழ்க்கும் புதிய புற்றுநோய் மருந்துகள் உண்டு. சிலருக்கு அவை பலிக்கின்றன, பலருக்குப் பலிப்பதில்லை. குடல் வாழ் கிருமிகளும் இதற்கு ஒரு காரணமென 2015-இல் பாரிசிலும் சிகாகோவிலும் எலிகளிடம் கண்டனர். 2021-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், மருந்து பலிக்காத தோற்புற்றுநோயாளிகள் 15 பேருக்கு, மருந்தால் பயன் பெற்றோரின் குடற்கிருமிகளைச் செலுத்தி, அதே மருந்தையும் கொடுத்தனர். 6 பேருக்குப் பயன் கிட்டியது. எஞ்சிய 9 பேருக்கு இல்லை. அந்த எண்ணையும் சேர்த்தே சொல்வதுதான் அறிவியல். கிருமியெல்லாம் நண்பன் என்றும் மயங்கற்க! இரைப்பையில் குடியேறி அங்கே புற்றுநோய்க்கு வித்திடும் கிருமியும் உண்டு.

சிறுவனுக்கு என்ன சொன்னேன்? "தம்பி, குடற்கிருமி உதவக்கூடும் என்பது மெய். மருத்துவர் தரும் மருந்தோடு சேர்த்தே, ஆய்வாளர் கண்காணிப்பிலே அதைச் சோதித்து வருகிறார்கள். பொடி விற்பவரிடம் போய் மூன்று கேள்வி கேள். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்? எத்தனை பேர் பிழைத்தனர்? கொடுக்காதவரோடு ஒப்பிட்டீரா? விடை வரும்வரை பாட்டி மருத்துவமனைக்கே செல்லட்டும்" என்றேன்.

செங்கற்பட்டுச் சிற்றூர் மக்கள் கை நீட்டி நமக்கு ஈட்டித் தந்த உரிமை, அந்த மூன்று கேள்விகள். வீடுதோறும் அவற்றைக் கொண்டு செல்வோம்!