கை எட்டும் தூரம்: பிரிட்டன் பண்பாட்டுத் துறை உருவான வரலாறு

1992 ஏப்ரல் பொதுத்தேர்தலில் வென்ற கையோடு பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர் ஒரு புதிய அமைச்சகத்தைத் தொடங்கினார். தேசிய மரபுத் துறை என்று அதற்குப் பெயர். முதல் அமைச்சர் டேவிட் மெல்லர். துறைதான் புதிது, அதன் பொறுப்பில் வந்தவை எல்லாம் பழையவை. கலையும் நூலகமும் அருங்காட்சியகமும் கலை-நூலக அலுவலகத்திலிருந்து வந்தன. வானொலியும் தொலைக்காட்சியும் உள்துறையிலிருந்து, தொன்மைச் சின்னங்கள் சுற்றுச்சூழல் துறையிலிருந்து, விளையாட்டு கல்வித் துறையிலிருந்து, சுற்றுலா வேலைவாய்ப்புத் துறையிலிருந்து, திரைப்படம் வர்த்தகத் துறையிலிருந்து வந்தன. 1997 ஜூலையில் இதுவே ‘பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறை’ ஆயிற்று. சிதறிக் கிடந்த பொறுப்புகளை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்தது நிர்வாக வசதிக்காகச் செய்த சீர்திருத்தம் என்பதுதான் வழக்கமான விளக்கம். அந்த விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். பிரிட்டனில் அரசுக்கும் பண்பாட்டு நிறுவனங்களுக்கும் இடையே இருந்ததாகச் சொல்லப்படும் இடைவெளியை ஓரளவு காத்து நின்றது அந்தச் சிதறலே. பொறுப்புகள் ஓரிடத்தில் குவிந்ததும் அரசின் தலையீடு கூடியது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். அந்தத் தலையீட்டின் வடிவமே மாறியது.

சிதறல் எப்படி ஏற்பட்டது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். யாரும் திட்டமிட்டு இவற்றைப் பிரித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றும் பிறந்த காலத்தில் எந்த அலுவலகம் கைவசம் இருந்ததோ அங்கே போய்ச் சேர்ந்தது. 1922இல் வானொலி வந்தபோது அது கம்பியில்லாத் தந்தியின் ஒரு கிளையாகவே கருதப்பட்டது. தந்தி தபால் துறையுடையது. ஆகவே பிபிசிக்கு அனுமதி தந்ததும், வானொலிப் பெட்டிக்குப் பத்து ஷில்லிங் உரிமக் கட்டணம் வசூலித்ததும் தபால் துறையே. 1969 வரை தபால் அமைச்சரிடம் இருந்த ஒலிபரப்பு, பின் தபால்-தொலைத்தொடர்பு அமைச்சகத்துக்கும், 1974இல் உள்துறைக்கும் போனது. தொன்மைச் சின்னங்களுக்கான முதல் சட்டம் 1882இலேயே வந்துவிட்டது. கலைகளுக்கான அரசு உதவி 1940இல், போர்க்காலத்தில், மக்களின் மனவுறுதியைத் தாங்கிப் பிடிக்கத் தொடங்கிய ஓர் அமைப்பிலிருந்து முளைத்தது. 1942இல் அதற்குத் தலைவரான பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ், போருக்குப் பிறகும் அது நிலைக்க வழி செய்தார். 1946இல் அரச சாசனத்தோடு கலை மன்றம் பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. மன்றத்துக்கான மானியம் நேரடியாக நிதியமைச்சகக் கருவூலத்திலிருந்து வந்தது. 1964இல் ஹெரால்ட் வில்சன் அரசில் ஜென்னி லீ கலைகளுக்கும், டெனிஸ் ஹவல் விளையாட்டுக்கும் முதல் அமைச்சர்களானார்கள். இருவருக்கும் தனித் துறை கிடையாது. பெரிய துறைகளுக்குள் ஒரு மூலையில் இடம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கில நிர்வாக மொழியில் ஒரு பெயர் உண்டு. நீட்டிய கை அளவு விலகி நிற்பது என்பது அதன் பொருள். எவ்வளவு பணம் என்பதை அரசு முடிவு செய்யும். யாருக்கு என்பதை மன்றம் முடிவு செய்யும். எந்த நாடகத்துக்கு மானியம் போனது என்று நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தால், அது மன்றத்தின் முடிவு என்று அமைச்சர் ஒதுங்கிக்கொள்ளலாம். இந்தக் கொள்கையைக் கெயின்ஸின் தாராளவாதத்துக்கும் அரச சாசனத்துக்கும் கணக்கெழுதுவது மரபு. ஆனால் சாசனத்தின் கீழும் மன்ற உறுப்பினர்களை நியமித்தது அரசுதான். பிபிசியின் சாசனமும் காலவரையறை உள்ளது. ஒவ்வொரு முறையும் அரசோடு பேசித்தான் புதுப்பிக்க முடியும். சட்டப்படி பார்த்தால் கை எப்போதும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை நீட்டும் ஆர்வமுள்ள ஒரு துறை இல்லாததே வித்தியாசம். கருவூல அதிகாரிக்குக் கலை மன்றம் கணக்கில் ஒரு சிறு வரி. தபால் துறைக்கு அலைவரிசையும் கட்டண வசூலும் முக்கியம். பண்பாட்டைக் கொண்டு ஒரு அரசியல் வாழ்க்கையைக் கட்டியெழுப்ப நினைக்கும் கேபினட் அமைச்சர் அங்கே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிதறல் காலத்தில் தலையீடு இல்லையா என்ன? 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது பிபிசியை அரசே கைப்பற்ற வேண்டும் என்று வின்ஸ்டன் சர்ச்சில் வற்புறுத்தினார். 1956 சூயஸ் நெருக்கடியிலும் அழுத்தம் வந்தது. 1985இல் வட அயர்லாந்து பற்றிய ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்ப வேண்டாம் என்று உள்துறை அமைச்சர் லியன் பிரிட்டன் கடிதம் எழுத, பிபிசி ஆளுநர் குழு பணிந்தது. பத்திரிகையாளர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1988இல் அடுத்த உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட், ஐரிஷ் குடியரசுவாதக் கட்சியான சின் ஃபெயின் உள்ளிட்ட அமைப்புகளின் பிரதிநிதிகள் பேசுவது ஒலிபரப்பாகக் கூடாது என்று தடை போட்டார். நிறுவனங்கள் அந்த உத்தரவின் சொற்களை நுணுகிப் படித்து ஒரு வழி கண்டன. சின் ஃபெயின் தலைவர் ஜெரி ஆடம்ஸ் திரையில் பேசுவார், உதடு அசையும், குரல் மட்டும் கூலிக்கு அமர்த்திய நடிகருடையது. 1994 செப்டம்பர் வரை பிரிட்டிஷ் மக்கள் செய்தியை இப்படித்தான் கேட்டார்கள். காவல் துறையையும் பயங்கரவாதத் தடுப்பையும் கவனிக்கும் அமைச்சரிடமே தொலைக்காட்சியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆகவே 1992இல் ஒலிபரப்பு உள்துறையிலிருந்து விடுபட்டது உண்மையான முன்னேற்றம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த நிகழ்வுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குணம் இருக்கிறது. அவை வெளிப்படையான மோதல்கள். யார் உத்தரவிட்டார், யார் பணிந்தார், யார் எதிர்த்தார் என்பது ஊருக்கே தெரிந்தது. புதிய துறையின் காலத்தில் அழுத்தம் இந்தப் பகிரங்கத்தை இழந்தது.

மாற்றம் லாட்டரியில் தொடங்கியது. 1993 சட்டத்தின்படி 1994 நவம்பர் 19 அன்று தேசிய லாட்டரியின் முதல் குலுக்கல் நடந்தது. ஒரு பவுண்ட் சீட்டில் ஏறத்தாழ பாதி பரிசுக்கும், 12 பென்ஸ் வரியாக அரசுக்கும், சுமார் 28 பென்ஸ் கலை, விளையாட்டு, மரபு, அறப்பணி, புத்தாயிரக் கொண்டாட்டம் என்ற ஐந்து நற்பணிகளுக்கும் போயிற்று. பெட்டிக்கடையில் வாங்கிய சீட்டின் பணம் ஓபரா அரங்குகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும் வந்து சேர்ந்ததில் பண்பாட்டுத் துறையின் எடை சட்டென்று கூடியது. பணத்தைப் பிரித்துக் கொடுத்தவை கலை மன்றம் போன்ற அமைப்புகளே. ஆனால் எவற்றைக் கருத்தில் கொண்டு பிரிக்க வேண்டும் என்று அவற்றுக்கு வழிகாட்டும் அதிகாரத்தை அந்தச் சட்டம் அமைச்சருக்குத் தந்தது. 1998இல் உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவையும் நற்பணிப் பட்டியலில் ஏறின. அரசு செலவிட வேண்டிய இடத்தில் லாட்டரிப் பணம் நுழையக்கூடாது என்ற ஆரம்ப வாக்குறுதி அத்தோடு தளர்ந்தது.

1997இல் பொறுப்பேற்ற கிறிஸ் ஸ்மித் துறையின் பெயரிலிருந்து மரபை எடுத்தார். கலைகளைப் ‘படைப்புத் தொழில்கள்’ என்ற பொருளாதாரச் சொல்லோடு இணைத்தார். மானியம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் துறையோடு நிதி ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை வந்தது. அருங்காட்சியகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் உழைக்கும் வர்க்கத்தினர் எத்தனை பேர், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டியதாயிற்று. இதன் நோக்கம் உயர்ந்தது, பலனும் கிடைத்தது. 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணம் நீங்கியது இந்தத் துறையின் ஆகப் பெரிய சாதனை என்றே கருதுகிறேன். தனி அமைச்சர் கருவூலத்தோடு மல்லுக்கட்டாமல், மதிப்புக் கூட்டு வரி விதியைத் திருத்தாமல், அது நடந்திருக்காது. ஆனால் அதே ஒப்பந்தம் நிறுவனங்களை அமைச்சகத்தின் இலக்குகளைச் சுமப்பவையாகவும் ஆக்கியது. 2008இல் பிரையன் மெக்மாஸ்டர் அரசுக்கு அளித்த அறிக்கை, கலையை எண்ணிக்கையால் அளப்பதை விட்டுத் தரத்தைத் தீர்ப்பிடும் முறைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அரசே கேட்டு வாங்கிய அறிக்கை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பின் துறை ஊதிக்கொண்டே போனது. மதுக்கடை உரிமம், சூதாட்டச் சட்டம், 2012 லண்டன் ஒலிம்பிக், அகன்ற அலைவரிசை இணையம் எல்லாம் வந்தன. சில திரும்பிப் போயின. 2017இல் பெயரின் முன்னால் ‘டிஜிட்டல்’ ஒட்டிக்கொண்டது, 2023 பிப்ரவரியில் கழன்றது. இந்த வரவு செலவை விட, துறையின் கையில் நிலைத்துவிட்ட இரண்டு கருவிகள் முக்கியம்: கட்டணம், நியமனம்.

கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2010 அக்டோபரில் அமைச்சர் ஜெரமி ஹன்ட்டும் பிபிசியும் சில நாள்களில் பேசி முடித்த உடன்பாட்டின்படி உரிமக் கட்டணம் 145.50 பவுண்டில் ஆறு ஆண்டுகளுக்கு உறைந்தது. வெளியுறவுத் துறை தாங்கிவந்த உலக சேவையின் செலவும் பிபிசி தலையில் விழுந்தது. லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சேவையின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் 75 வயது கடந்தோருக்கான இலவச உரிமத்தின் செலவும் பிபிசி மீது ஏற்றப்பட்டது. அந்தச் சலுகையை அறிவித்தது அரசு. 2020இல் அதைச் சுருக்க வேண்டி வந்தபோது முதியோரின் கோபத்தை வாங்கிக்கொண்டது பிபிசி. 2022 ஜனவரியில் பண்பாட்டு அமைச்சர் நாடின் டோரிஸ் கட்டணத்தை மறுபடியும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தார். எந்த நிகழ்ச்சியையும் யாரும் தடை செய்யவில்லை. எந்தச் செய்திப் பிரிவை மூடுவது என்பதை பிபிசியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

கலை மன்றத்திலும் இதே கதைதான். லண்டனுக்கு வெளியே நிதியை நகர்த்த வேண்டும் என்று 2022இல் டோரிஸ் அறிவுறுத்தினார். அந்த நவம்பரில், ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றுவந்த இங்கிலிஷ் நேஷனல் ஓபரா, நிரந்தர மானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, இடம்பெயரச் சொல்லப்பட்டது. ஏழை வட்டாரங்களுக்குப் பணம் போக வேண்டும் என்ற நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொள்கை அமைச்சருடையது, வெட்டிய கை மன்றத்துடையது, வசையும் மன்றத்துக்கு. அருங்காட்சியகங்களுக்கு 2020 செப்டம்பரில் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆலிவர் டவ்டன் ஒரு கடிதம் எழுதினார். அடிமை வணிகத்தோடு தொடர்புடையோரின் சிலைகளை அகற்றுவதை அரசு ஆதரிக்கவில்லை என்றும், பொதுப்பணம் பெறும் நிறுவனங்கள் அரசின் நிலைப்பாட்டுக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்றும் அது சொன்னது. நியமனம் என்ற இரண்டாவது கருவி மறு ஆண்டு வெளிப்பட்டது: கிரீனிச் அரச அருங்காட்சியகங்களின் அறங்காவலர் ஒருவரின் பதவி நீட்டிப்பை அமைச்சர் மறுத்தார். அறங்காவலர் குழுத் தலைவர் சார்லஸ் டன்ஸ்டன் தாமும் விலகினார்.

பொதுமக்கள் பணத்துக்கு மக்கள் பிரதிநிதிதானே பதில் சொல்ல வேண்டும், யாரும் தேர்ந்தெடுக்காத அறங்காவலர்களை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2020 ஜூலையில் கொரோனாவால் அரங்குகள் இருண்டபோது 157 கோடி பவுண்ட் மீட்பு நிதியைப் பெற்றுத்தந்தது கேபினட்டில் இருந்த ஒரு நாற்காலி. கருவூலத்தில் ஒரு வரியாக இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்பது ஐயமே. துறையைக் கலைத்துப் பழைய சிதறலுக்குத் திரும்பச் சொல்லும் எண்ணம் இங்கே இல்லை. ஆனால் பொறுப்புக் கூறுதல் என்றால் முடிவெடுத்தவர் பெயர் தெரிய வேண்டும். ஓபராவை வெட்டியதற்கும், முதியோரின் உரிமத்தைச் சுருக்கியதற்கும் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் யார்? இன்றைய ஏற்பாட்டில் அமைச்சர் தன் விருப்பத்தையும் நிறைவேற்றிக்கொள்ளலாம், அது நிறுவனத்தின் முடிவு என்றும் சொல்லலாம். 1988 தடைக்கு ஹர்ட் தம் பெயரில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிபிசியின் இப்போதைய சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்குப் பின் வரும் கட்டண விகிதத்தை யார், எந்த அவையில், எவ்வளவு காலம் விவாதித்து நிர்ணயிப்பது என்பதைப் புதிய சாசனத்திலேயே எழுதிவைக்க அந்த நாள் வரை அவகாசம் இருக்கிறது.