நாட்டாரும் தோட்டத்தாரும்: ஊவாப் பெருந்தோட்டங்களின் அன்றாட வாழ்வும் அயலும்

பதுளைப் பகுதித் தோட்டத் தொழிலாளர் தம் அயலிலுள்ள சிங்களக் கிராமங்களை 'நாடு' என்றும் அங்கு வாழ்வோரை 'நாட்டார்' என்றும் வழங்குவர். தேயிலைச் சரிவின் அடியில் ஓடும் ஓடைக்கு அப்பால் நாடு, இப்பால் தோட்டம். தாம் பிறந்து வளர்ந்த நிலத்தை நாடென்று கொள்ளாது, அடுத்தவர் நிலத்தையே நாடென்று ஒரு மக்கட்கூட்டம் சுட்டுவது சிந்தனைக்குரியது. தமிழகத்திலிருந்து வந்த இம்மக்கள் தாமாகவே ஒதுங்கி வாழ விரும்பினர் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்வாரும் உளர். தோட்டத்தின் அன்றாட வாழ்வு எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது என்பதை நோக்குமிடத்து அக்கருத்து ஏற்புடையதன்று.

கோப்பிச் செய்கை ஊவாவுக்கு வந்தபோது அது ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்த நாடாகும். 1817-18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆள்பதி பிரவுண்றிக்கின் படைகள் அடக்கிய முறையில் வயல்களும் வீடுகளும் அழிந்தன. பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழி செய்தது. அந்நிலங்களே துரைமாருக்கு விற்கப்பட்டன. காடு வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்த கிராமத்தவர், ஆண்டு முழுவதும் கூலிக்கு நிற்க உடன்படவில்லை. இதனைச் சோம்பல் என்று துரைமார் எழுதினர். சொந்த வயலில் விதைப்பும் அறுப்பும் காத்திருக்க, இழந்த காணியிலேயே கூலியாக நிற்பதற்கு எவர்தான் விரைந்து வருவர்? அவ்விடத்தை நிரப்பவே திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து ஆட்கள் வருவிக்கப்பட்டனர்.

மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினர் முதல் தலைமுறையினர். வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் பலர். கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவது வழக்கமாயிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாக வேண்டும். வந்து போனவர் குடும்பத்தோடு தங்கலாயினர். புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது.

பீஜித் தீவுக்கும் மொரீசியசுக்கும் சென்ற கூலியாட்கள் குறித்த ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிச் சென்றனர். இலங்கைக்கு வந்தோர் பெயரளவில் சுதந்திரமான தொழிலாளர். ஒரு மாத முன்னறிவித்தலுடன் விலகலாம் என்பது சட்டம். ஆயினும் ஒப்பந்தம் செய்யாத வேலையைக் கடன் செய்தது. வழிச்செலவுக்கும் அரிசிக்கும் கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் ஏறியது. கடன் தீர்க்கப்பட்டால் இவரை விடுவிக்கத் தடையில்லை என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. ஒப்பந்தக் கூலிக்குத் தன் விடுதலை நாள் தெரிந்திருந்தது. துண்டுக்காரனுக்கு அதுவும் தெரியாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பழங்கடன் பழக்கங்கள் உடனே மறைந்தன என்று கொள்ளல் இயலாது.

இனி ஒரு நாளின் அமைப்பை நோக்குவோம். விடியுமுன் தப்போசை எழுப்ப, பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். கணக்கப்பிள்ளை பெயர் பதிவார். கங்காணி மலை பிரித்துக் கொடுப்பார். ஆண்களுக்குக் கவ்வாத்தும் கான் வெட்டும், பெண்களுக்குக் கொழுந்து. கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் விடப்படும். நிறை குறைந்தால் அன்று 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் ஆயின. தோட்டத்தின் வருவாயைக் கூடையிற் சுமந்தவள் பெண்ணே என்பது இத்தொகைகளில் தெரியவில்லை. மாலையில் அவள் திரும்பும் இடம் லயத்திலுள்ள ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பராவும் அதன் முன்னுள்ள இஸ்தோப்பும். பெரட்டு ஆங்கிலத்தின் அணிவகுப்புச் சொல்; காம்பரா போர்த்துக்கேயம்; இஸ்தோப்பு ஒல்லாந்தம். ஆட்சி செய்தோர் அனைவரும் லயத்தில் ஆளுக்கொரு சொல்லையாவது விட்டுச் சென்றுள்ளனர்.

ஊவாவுக்கே உரிய ஒரு முரண்பாடும் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் இம்மலைகளில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயரைத் தந்த மணத்தை அளிப்பது. அதே காற்றில் கொழுந்து சுருங்கும், கூடை நிறையாது. இலண்டனில் விலையேறும் காலம் லயத்தில் அரைப்பேர்க் காலமாயிருந்தது.

அரிசி தோட்டத்திலிருந்து கிடைத்தது, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. மருந்து தோட்ட மருந்தகத்தில். பள்ளியும் கோவிலும் தோட்ட எல்லைக்குள். கடிதமும் துரையின் அலுவலகத்துக்கே வந்தது. தோட்டப் பாதை தனியார் பாதை. அயலார் நுழைவது அத்துமீறல். எனவே நாட்டாரோடு பழகுவதற்கான தேவை மட்டுமன்று, வாய்ப்புமே திட்டமிட்டுக் குறைக்கப்பட்டது. கிராமத்து மாடு தேயிலைக்குள் புகுந்தால் அதனைப் பிடித்துக் கட்டுபவன் தமிழ்க் காவற்காரன். தண்டம் பெறுவது தோட்டம். பகை மட்டும் காவற்காரனுக்கு.

இருந்தும் பழக்கம் ஏற்பட்டே வந்தது. பலாக்காயும் வெற்றிலையும் கொண்டு கிராமத்துப் பெண்கள் லயத்துக்கு வந்தனர். சம்பள நாளில் பசறை, லுணுகலை, பண்டாரவளைக் கடைத்தெருக்களில் இருசாராரும் கலந்தனர். நாட்டு வைத்தியரிடம் எலும்பு முறிவுக்குச் செல்லும் தோட்டத்தார், பேரம் பேசவும் நலம் விசாரிக்கவும் போதிய சிங்களம் அறிந்தனர். அயற் கிராமத்தவரும் அதேயளவு தமிழ் அறிந்தனர். ஊவா மாகாணத்துக்குள்ளேயே அமைந்த கதிர்காமத்துக்கு ஆடி விழாக் காலத்தில் இரு மொழியினரும் நடந்தே சென்றனர். 'அரோகரா' என்பதும் 'ஹரோ ஹரா' என்பதும் ஒரே வழியில் ஒலித்தன. ஒதுங்கி வாழும் இயல்பினர் என்ற கூற்றுக்கு அவ்வழியே தக்க மறுப்பாகும்.

வேலியைச் சட்டமும் உயர்த்தியது. கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமையை விரிவாக்க 1937இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளரை விலக்கியது. எதிர்ப்பு எழவே, தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை எனச் சொற்கள் மாற்றப்பட்டன. விளைவு மாறவில்லை. 1940ஆம் ஆண்டின் வேலைநிறுத்த அலை ஊவாவை அடைந்தபோது, மே மாதம் பதுளையில் விதிக்கப்பட்ட தடையையும் மீறி என். எம். பெரேரா கூட்டத்திற் பேசினார். பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் துரை இசைய வேண்டியதாயிற்று. பொலிசாரின் கடும் நடவடிக்கையும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்தே அவ்வலையை அடக்கின. தமிழ்த் தொழிலாளரைச் சிங்களத் தலைவர்கள் அணிதிரட்டிய அக்காலம் குறுகியதாயினும், வேறொரு போக்கு சாத்தியமாயிருந்தது என்பதைக் காட்டுகின்றது.

நடந்ததோ மறுதலை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் வாய்த்ததுண்டு. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்ந்தது.

பிரசாவுரிமை கிடைத்தும் லயம் லயமாகவே இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் வேறிடத்தில் வீடு கட்டிக்கொள்ளத் தமக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாதோர் எங்குச் செல்வது? 1937இன் கிராமச் சங்க எல்லை 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலும் வேறு வடிவில் தொடர்ந்தது. அச்சபைகளுக்குத் தோட்டத்தார் வாக்களிக்கலாம். ஆனால் அவர்தம் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடச் சட்டம் தடையாயிருந்தது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018இல் நிறைவேறியது.