கடைவரம்பு வரை

திருவட்டாறு பக்கத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்றால், 115 அடிக்குக் கீழே பறளியாறு. பக்கத்துத் தொட்டியில் பட்டணங்கால் தண்ணீர். அணையில் ஷட்டரைத் தூக்கிய அன்றே தண்ணீர் வந்துவிட்டதாக இங்கே எந்த விவசாயியும் கணக்கு வைக்க மாட்டார். கால்வாயின் கடைசியில் உள்ள கடைவரம்பு வயல் நனைந்தால்தான் கணக்கு. 2014இல் உலகமெங்கும் ஓடிய ஒரு சிறு மென்பொருள் திருத்தத்துக்கும் அதே கணக்குதான்.

வங்கியின் இணையப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தின் பின்னால், எத்தனையோ சர்வர்களில் வேலை செய்வது ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச நிரல் தொகுப்பு. 2011 டிசம்பர் 31 அன்று அதில் ஒரு புது வசதி சேர்ந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு பக்கம் ஒரு சொல்லை அனுப்பும். மறுபக்கம் அதையே திருப்பித் தரும். சொல்லின் நீளத்தையும் அனுப்புபவரே சொல்வார். அதைச் சரிபார்க்க மறந்துவிட்டார்கள். கைப்பிடி நெல்லைத் தந்துவிட்டு, 'நூறு மூட்டை தந்தேன், திருப்பிக் கொடு' என்றவனுக்கு, அளந்து பார்க்காமல் பத்தாயத்தைத் திறந்துவிட்ட கதை. ஒவ்வொரு கேள்விக்கும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை வெளியே போகும். அதில் கடவுச்சொல் இருக்கலாம். பூட்டின் சாவியே இருக்கலாம். அள்ளிப்போன தடம் பதிவேட்டில் இருக்காது.

இந்த ஓட்டை 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு ஊர் ஊராகப் போனது. இரண்டு வருடம் கழித்து, கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடினோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே அதைக் கண்டார்கள். 'ஹார்ட்பிளீட்' என்று பெயர் விழுந்தது. ஆடம் லாங்லியும் போடோ மோலரும் திருத்தம் எழுதினார்கள். சொன்ன நீளம் வந்த நீளத்தைவிட அதிகமென்றால் பதில் தராதே, சாரம் இவ்வளவே. 2014 ஏப்ரல் 7 அன்று 1.0.1ஜி பதிப்பாக அது வெளியானது. ஷட்டர் தூக்கியாயிற்று.

இனிதான் ஓட்டம். ஒவ்வொரு சர்வரிலும் ஒருவர் புதுப் பதிப்பை ஏற்றி, சேவைகளை நிறுத்தித் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பழைய நிரலே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பழைய சாவியைத் தூக்கிப் போட்டு, புதுச் சான்றிதழ் வாங்கி, பயனர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியிலேயே கனடா வருவாய்த் துறையிடமிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின.

இவ்வளவு பெரிய பாசனத்தைப் பார்த்துக்கொண்ட ஓபன்எஸ்எஸ்எல் குழுவுக்கு அதுவரை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை. கால்வாய் உடைந்த பிறகே, லினக்ஸ் பவுண்டேஷன் வழியாகப் பெரிய நிறுவனங்கள் தூர்வாரப் பணம் போட்டன.

கடைவரம்பில் இருந்தவை, அதே ஓட்டை இருந்த ஆண்ட்ராய்டு 4.1.1 போன்கள். அவற்றுக்கான திருத்தத்தைக் கூகுள், போன் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. அவர்கள் மடையைத் திறக்காவிட்டால் வாங்கியவர் கைக்கு எதுவும் வராது. தண்ணீர் வராத வயல் வெடித்துக் காட்டிவிடும். விவசாயி அதிகாரியிடம் போய் நிற்கலாம். திருத்தம் வராத போனோ அன்றும் பளபளவென்றுதான் இருந்தது.