புதுச்சேரியின் பிரெஞ்சு வெள்ளி நாணயங்கள்

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும், பின்னர் பிரெஞ்சு அரசும் புதுச்சேரியில் அடித்து வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ரூபாய், பணம் ஆகிய இரண்டும் முதன்மையானவை. ரூபாயில் முகலாயப் பேரரசரின் பெயர் இருக்கும். பணத்தில் பிரெஞ்சு முடியாட்சியின் சின்னங்கள் இருக்கும்.

தோற்றம்

சோழமண்டலக் கரையில் துணி கொள்முதல் செய்யக் கம்பெனிக்கு வெள்ளி தேவைப்பட்டது. அது பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளிக் காசுகளாகக் கப்பலில் வந்தது. அவற்றை உள்ளூரில் செல்லுபடியாகும் ரூபாயாக மாற்றும் உரிமையை, 1736இல் ஆளுநர் பெனுவா துமா ஆற்காடு நவாப் தோஸ்து அலி கானிடமிருந்து பெற்றார். அதே ஆண்டில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் தொடங்குகிறது. புதுச்சேரி வணிகத்தையும் நாணயப் புழக்கத்தையும் அறிய அது முதன்மைச் சான்று.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி நகரை இடித்தனர். 1765இல் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. 1778இலும் 1793இலும் மீண்டும் கைமாறியது. இதனால் நாணயம் அடிக்கும் பணி பலமுறை தடைப்பட்டது.

வகைகள்

ரூபாயில் பாரசீக எழுத்தில் பேரரசர் பெயரும், ஆட்சியாண்டும், ஆற்காடு என்ற நாணயச்சாலைப் பெயரும் காணப்படும். அது புதுச்சேரியில் அடித்தது என்பதைக் காட்டுவது பிறைக் குறி. 1742இல் அதே உரிமையைப் பெற்ற சென்னை ஆங்கிலேயரின் ஆற்காட்டு ரூபாய்க்குத் தாமரைக் குறி அடையாளம்.

பணம் சிறிய காசு. ஒரு பக்கம் அரச முடியும் மறுபக்கம் லில்லி மலர்களும் இருக்கும். மன்னர் பெயர் இராது. அரைப் பணம், ஒரு பணம், இரண்டு பணம் என மூன்று மதிப்புகளில் கிடைக்கிறது. பிரான்சிலேயே அடித்த எக்கூ நாணயம் இதற்கு முற்றிலும் வேறானது. சுமார் 29 கிராம் எடையுள்ள அதில் 15ஆம் லூயியின் தலை, மூன்று லில்லிகள் கொண்ட கேடயம், ஆண்டு, நாணயச்சாலை எழுத்து எல்லாம் தெளிவாக இருக்கும்.

தென்சென்னைப் புறநகர்

இக்காசுகள் புழங்கிய காலத்துப் போர்கள் சில இன்றைய தென்சென்னையைச் சுற்றி நடந்தன. 1746 அக்டோபரில் அடையாற்று முகத்துவாரத்தில் நவாபின் படையைப் பிரெஞ்சுப் படை தோற்கடித்தது. பிரெஞ்சு வசமிருந்த கோவளத்தையும் செங்கல்பட்டையும் 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் பிடித்தார். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டிருந்தபோது, 1759 பிப்ரவரியில் பரங்கிமலையில் போர் நடந்தது. பரங்கிமலைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் தாம்பரம் அமைந்துள்ளது. இங்குள்ள சேகரிப்பாளர் மின்சார ரயிலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும், ஜிஎஸ்டி சாலை வழியே திண்டிவனம் கடந்து புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் சென்று வரலாம்.

சேகரிப்பு

அச்சுக்கட்டையைவிடக் காசுத் தகடு சிறியதாக இருந்ததால், ரூபாயில் முழு எழுத்தும் பதிவதில்லை. பிறையும் ஆட்சியாண்டும் தெரியும் காசுக்கு மதிப்பு அதிகம். பழைய வெள்ளி கொலுசுக்கும் அரைஞாணுக்கும் உருக்கப்பட்டதால் நல்ல காசுகள் குறைந்துவிட்டன. கண்ணி பற்றவைத்துக் கழுத்தில் அணிந்த காசுகளில் அந்தத் தழும்பு தெரியும், மதிப்பும் குறையும். வார்ப்புப் போலிகளை எடைக் குறைவும், பரப்பிலுள்ள நுண்குழிகளும், விளிம்பில் ஓடும் ஒட்டுக்கோடும் காட்டிக்கொடுக்கும். புளி, எலுமிச்சை, விபூதி ஆகியவற்றால் தேய்க்கக் கூடாது. காலத்தால் படிந்த கருமை காசின் பழமைக்கு ஓர் அறிகுறி. பிவிசி உறைகள் வெள்ளியை அரிப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

சட்டம்

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.