மொச்சைக் கறிக்குழம்பு

மொச்சைக் கறிக்குழம்பு என்பது மொச்சைப் பயற்றையும் ஆட்டிறைச்சியையும் சேர்த்துச் சமைக்கும் குழம்பு ஆகும். திருவண்ணாமலை வட்டாரத்தில் மார்கழி முதல் மாசி வரை பச்சை மொச்சை சந்தைக்கு வரும். தீபத் திருவிழாவையொட்டிப் பல வீடுகளில் அசைவம் சமைப்பதில்லை. அது முடிந்து, பொங்கலையொட்டிய கரிநாளில் உறவினர் கூடும்போது இக்குழம்பு அடுப்பில் ஏறும்.

பழமை

மொச்சையும் அவரையும் ஒரே தாவர இனத்தின் வகைகள். அவரை இப்பகுதிக்குப் புதியதன்று. திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், சங்க இலக்கியத்தில் செங்கண்மா எனப்படுகிறது. இவ்வூர்த் தலைவன் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய நூல் மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இந்நூல், பத்துப்பாட்டுள் ஒன்று. பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழியில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் இது கூறுகிறது.

தினை அறுத்த தாள்கள்தோறும் அவரை படர்ந்து, அரிவாள் போல வளைந்த காய்களைக் காய்த்திருந்த காட்சி இதில் வருகிறது. நெய்யில் வெந்த இறைச்சித் துண்டுகளைத் தினைச் சோற்றுடன் தந்து உபசரித்ததும், மூங்கிலரிசி, மேட்டுநில நெல், அவரை, புளி ஆகியவற்றால் சமைத்த புளிங்கூழும் கூறப்படுகின்றன. நூலில் அவரையும் இறைச்சியும் வெவ்வேறு உணவுகளாகவே வருகின்றன. ஆயினும் இன்றைய குழம்பின் முக்கியப் பொருள்களான அவரை இனம், புளி, இறைச்சி மூன்றும் இம்மண்ணின் சமையலில் அன்றே இருந்தன என்பது தெளிவாகிறது.

சமைக்கும் முறை

காய்ந்த மொச்சையை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறிய பயற்றின் தோலைப் பிதுக்கி எடுத்தால் அது பிதுக்குப் பருப்பு எனப்படும். தோலுடன் சமைப்பதானால், ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைப்பது நல்லது. இறைச்சியை இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகாய், மல்லித்தூளுடன் தனியே வேகவைத்துப் பிறகு மொச்சையைச் சேர்ப்பர். புளிக்கரைசலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் புளிப்பினால் பயறு எளிதில் வேகாது.

பிற நாடுகளில்

பயற்றையும் இறைச்சியையும் மெதுவாக வேகவைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. தென் பிரான்சின் கசூலே, அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பெயரால் வழங்கும் வேகவைத்த பீன்ஸ் ஆகியவை புகழ்பெற்றவை. இன்று இவற்றில் சேரும் வெள்ளை பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1492-இல் கொலம்பஸ் அங்கே சென்ற பிறகே அது ஐரோப்பாவுக்கு வந்தது. அங்கு அடுப்புப்பெட்டியில் சுடுவர்; இங்கு மண்சட்டியில் கொதிக்க வைப்பர்.

சிறப்பு

இவ்வுணவுகள் அனைத்திலும் ஒரே சிக்கனம் உள்ளது. இறைச்சி விலை மிக்கது; பயறு மலிவானது. காய்ந்த மொச்சையில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலமும் இதில் மிகுதி. கால் கிலோ கறி வாங்க முடிந்த வீட்டிலும், மொச்சை சேர்ந்தால் குழம்பு எல்லோருக்கும் போதும். கறித்துண்டு குறைவாக விழுந்த தட்டும் வெறுந்தட்டாக இராது.